தற்காலிக இறக்குமதி

நாற்பத்தொரு உருப்படி, ஆறு மரப்பெட்டி.
சஹார் சரக்கு முனையத்தில்
கையெழுத்துப் போட்டு எடுத்தவன் நான்தான்.
பட்டியலில் 'வணிக மதிப்பு இல்லை' என்று
அவர்களே எழுதியிருந்தார்கள்,
சுங்கத்துக்கு அப்படித்தான் எழுத வேண்டும்.
காப்பீட்டுத் தாளில் வேறு எண்.
சைபர்களை இரண்டு தடவை எண்ணினேன்.

நான்காம் பெட்டியில் ஒரு பறவை.
சுட்ட மண். உள்ளங்கைக்குள் அடங்கும். அலகில் நுனி இல்லை.
எக்ஸ்ரேயில் அதன் வயிற்றுக்குள் மூன்று புள்ளிகள்.
தாண்டேகர் சாகேப் திரையைத் தட்டி
இதென்ன என்றார்.
கூட வந்த இல்ஹாம் அம்மையார் கையுறை மாட்டி
பறவையைக் காதருகே கொண்டுபோய்
ஒரே ஒரு தரம் அசைத்தார்.

குள்குளா! சிரித்துவிட்டார் சாகேப்.
கிலுகிலுப்பை என்றேன் நான்.
அந்த அம்மாள் சொன்னது கஷ்கீஷா.
மூன்று பேரும் பெயரா சொன்னோம்,
அது போட்ட சத்தத்தைத் திருப்பிச் சொன்னோம்.
நாலாயிரம் வருடம்
உள்ளே என்ன இருக்கிறதென்று
ஒரு பிள்ளையும் உடைத்துப் பார்க்கவில்லை.
ஆன்டாப் ஹில்லில் என் வீட்டில் ஒரு வாரம் தாங்காது.

கண்காட்சி கோட்டைப் பக்கம். ஜூலை.
பெயர்த்துக் கொண்டுவர முடியாதவை
சுவரில் புகைப்படங்களாக வந்திருந்தன.
தரைச் சித்திரத்து மான்களின் மேல்
கழுத்து வரைக்கும் மணல் மூட்டை.
இங்கே வாசற்படியிலும் மணல் மூட்டைதான்,
மழைத் தண்ணீர் ஏறாமலிருக்க.
பள்ளிக்கூடத்து வரிசையிலிருந்து ஒரு பையன்
அங்கேயும் வெள்ளமா என்று கேட்டான்.
வழிகாட்டும் பெண் ஆமாம் என்றாள்.
பிறகு இல்லை என்றாள்.
பிறகு அடுத்த அறைக்குக் கூட்டிப்போனாள்.

ஐந்தாம் மாதம் அந்த ஊரின் பெயர்
தொலைக்காட்சியில் அடிவரியாக ஓடியது.
இல்ஹாமிடமிருந்து செய்தி:
'வடக்குக் கூடத்துக்குக் கூரை இல்லை.
அலுவலகப் பூனை இருக்கிறது.
பறவை எப்படி?'
நலம் என்று எழுதினேன்.
அதற்கு ஒரு டிக்தான் விழுந்தது.
இன்றைக்கும் ஒரு டிக்தான்.

திருப்பி அனுப்பவேண்டிய தேதி வந்தது, போனது.
பதிவாளர் ஷெர்னாஸ் பெட்டிகளைத் திறந்து
ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டார்:
காதில் விரிசல், முன்பே இருந்தது.
விளிம்பில் சிதைவு, முன்பே இருந்தது.
முன்பே இருந்தது, முன்பே இருந்தது.
நாற்பத்தொன்றும் வந்தபடியே இருந்தன.
பெறுபவர் முகவரிக்கு வந்தபோது
பேனாவை மூடி வைத்துவிட்டு
தண்ணீர் குடிக்கப் போனார்.

எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று,
இங்கே பத்திரமாக இருக்கின்றன என்கிறார்கள்
வருகிறவர்கள் எல்லோரும்.
பத்திரம் என்னிடம்தான் இருக்கிறது.
கெடு நீட்டிக்கக் கேட்டு
இரண்டு முறை மனுப் போட்டாயிற்று, மூன்றாவது கையில்.
காரணம் என்ற கட்டம் சிறியது.
போர் என்று எழுதினால் இடம் மிச்சமிருக்கிறது.
கூரியர் பையன்கள் சீட்டில் கிறுக்கிவிட்டுப் போவார்களே,
அதையே எழுதினேன்:
'உரியவர் வீட்டில் இல்லை.'
தாண்டேகர் சாகேப் படித்தார். சிரிக்கவில்லை.
திருத்தவும் சொல்லாமல் முத்திரை குத்தினார்.

இப்போது பெட்டிகள் நிலவறையில்.
புது மெட்ரோ அடியில் போகும்போதெல்லாம்
நான்காம் பெட்டி பேசுகிறது என்கிறான் காவலாளி பாஸ்வான்.
அவன் வேலைக்குப் புதிது.
கையெழுத்து வாங்கப் போன சாக்கில்
பெட்டியில் காது வைத்து நின்றேன்.
ஒரு வண்டி போனது.
கேட்டதென்று சத்தியம் பண்ண மாட்டேன்.
அடுத்த வண்டி ஆறு நிமிடத்தில் என்றான்.
நின்றேன்.